நடந்துகொண்டே இருப்பவர் உட்கார்ந்தால்

எங்கள் மனநல வார்டில் ஒரு ஐயா இருந்தார். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்தால் ராத்திரி மாத்திரை போடும்வரை வராண்டாவில் நடப்பார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய், அங்கே இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கையால் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்புவார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாலும் ஐந்து நிமிடம்தான். பல வருடமாக வந்துபோகிறவர், நெல்லிக்குப்பம் பக்கம். (ஊர்களை எல்லாம் மாற்றிப் போட்டிருக்கிறேன். யார் என்று தெரியக் கூடாது.)

கொரோனா காலம், 2020 ஆகஸ்டில் ஒருநாள் காலை டூட்டிக்குப் போனபோது ஆயா என்னை வாசலிலேயே நிறுத்தினார். "சிஸ்டர், ஐயா உக்காந்துகினு இருக்கார்."

"உக்காரட்டுமே ஆயா, கால் வலிக்குமில்ல."

"நைட்டு ரெண்டு மணிக்கே எழுந்துட்டார். ஆனா தொட்டிச் சத்தமே கேக்கல."

போய்ப் பார்த்தேன். கட்டிலில் சுவரோடு சாய்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெர்மாமீட்டர் வைத்தேன், ஜுரம் இல்லை. இருமல் இருக்கா என்றால் இல்லை என்றார். மூச்சு வாங்குதா என்றால் அதற்கும் இல்லை. "ஏன் ஐயா நடக்கல?" என்றதற்கு "போதும்" என்றார். அவ்வளவுதான். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணினேன். 28. சாதாரணமாக இருபதுக்குள் இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜனைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினால் 87. 94க்குக் கீழே போனாலே கவலைதான்.

இரவு டூட்டி நோட்டில் அவர் பெயருக்கு நேராக ஒரே வரி இருந்தது: 'தொந்தரவு ஏதும் இல்லை.' எழுதிய பெண்ணைக் குறை சொல்ல முடியாது. ஆள் பற்றாக்குறைக்கு வேறு வார்டிலிருந்து அன்றுதான் அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அவர் யாரோ ஒரு வயதானவர், பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். ஆயாவுக்கு மட்டும்தான் அது பெரிய சேதி.

நான் கடலூர்க்காரி. வேலை பார்ப்பது புதுச்சேரி எல்லைக்குள் ஒரு மருத்துவமனையின் மனநல வார்டில், ஸ்டாஃப் நர்ஸாக. ஊரடங்கு வந்ததும் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் தூரம் இரண்டு தேசம் மாதிரி ஆகிவிட்டது. ஆல்பேட்டை எல்லைச் சாவடியில் ஒருவர் அடையாள அட்டையைப் பார்ப்பார், முள்ளோடைச் சாவடியில் இன்னொருவர் பார்ப்பார். மே மாதம் சென்னை கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பிய தொழிலாளர்களால் கடலூர் மாவட்டத்தில் எண்ணிக்கை ஏறியபோது, கடலூர் வண்டி என்றாலே கண்ணை உருட்டிப் பார்த்தார்கள். அப்படி நிறுத்திய ஒரு போலீஸ்காரர் அட்டையில் மனநலப் பிரிவு என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "அங்கயும் கொரோனா வருமா மேடம்?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

வரும். வந்தால் நிற்காது. தென்கொரியாவில் 2020 பிப்ரவரியிலேயே சோங்தோ என்ற ஊரில் ஒரு மருத்துவமனையின் மனநல வார்டுக்குள் புகுந்து, உள்ளே இருந்த நூறு பேர் வரை கிட்டத்தட்ட எல்லோரையும் பிடித்தது. அந்த நாட்டின் முதல் கொரோனா சாவும் அங்கேதான். காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. மற்ற வார்டில் நோயாளி படுத்திருப்பார். எங்கள் வார்டில் நடமாடுவார்கள், ஒன்றாகச் சாப்பிடுவார்கள், ஒரே கேரம் போர்டைச் சுற்றி உட்காருவார்கள், ஒரே பீடியை மூன்று பேர் இழுப்பார்கள். கதவும் ஜன்னலும் கம்பி போட்டுப் பூட்டியிருக்கும். முகக்கவசத்தைப் பத்து நிமிடம் போட்டிருந்தால் பெரிய விஷயம். அந்தக் கவசத்திலும் மூக்குக்கு மேல் ஒரு கம்பி இருக்கும். கையை அறுத்துக்கொள்ளும் பழக்கம் உள்ள ஒரு பெண் அதை உருவி வைத்திருந்ததைப் பார்த்த பிறகு, நாங்களே கம்பியை உருவிவிட்டுக் கொடுத்தோம்.

ஆனால் என்னைக் கேட்டால், பரவல் கூட இரண்டாவது பிரச்சினைதான். முதல் பிரச்சினை, எங்கள் ஆட்கள் சொல்ல மாட்டார்கள். சிலருக்கு உடம்பில் வரும் மாற்றமே காதில் கேட்கும் குரல் செய்த வேலையாகத் தெரியும். சிலர் சொன்னால் ஊசி போடுவார்கள் என்று மறைப்பார்கள். பேச்சையே நிறுத்தி வருடக்கணக்கானவர்களும் உண்டு. "மூச்சு முட்டுதா?" என்ற கேள்விக்கு வரும் "இல்லை"யை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

இது புத்தியில் ஏறுவதற்கு ஒரு அடி வாங்க வேண்டியிருந்தது. நடக்கும் ஐயாவுக்கு ஒரு மாதம் முன்பு, மனநிலை ஏறி இறங்காமல் பிடித்து வைக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அக்காவுக்கு பாசிட்டிவ் வந்து கோவிட் பிளாக்குக்கு மாற்றினோம். கேஸ் ஷீட்டில் மாத்திரைப் பட்டியல் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அங்கே ஜுரமும் உடம்புவலியும் என்று டைக்ளோஃபினாக் ஊசி போட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் பேதி வேறு. சாப்பாடும் தண்ணீரும் சரியாக இறங்கவில்லை. மூன்றாம் நாள் அங்கிருந்து போன்: "உங்க பேஷன்ட்டுக்கு கை ரொம்ப ஆடுது, மனநோய் அதிகமாயிடுச்சுன்னு நினைக்கிறோம், ஊசி ஏதாவது சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு எங்கள் டாக்டரிடம் ஓடினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நடக்கறப்ப தள்ளாடறாங்களான்னு கேளுங்க." தள்ளாடினார். நாக்கும் குழறியது. ரத்தத்தில் லித்தியம் 0.6 முதல் 1.0 வரை இருந்தால் மருந்து. 1.5ஐத் தாண்டினால் விஷம் ஏறுகிற கணக்கு. இடைவெளி அவ்வளவு குறுகல். லித்தியத்தை வெளியே தள்ளுவது சிறுநீரகம்தான். உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் அது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். டைக்ளோஃபினாக், இப்யூபுரூஃபன் மாதிரி வலி மருந்துகள் அதை இன்னும் கூட்டும். ஜுரம், பேதி, பட்டினி, வலி ஊசி என்று நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டன. மாத்திரையை நிறுத்தி, சலைன் ஏற்றி, ரத்தம் எடுத்துப் பார்த்து, நான்கு நாளில் மீண்டார். அதற்குப் பதிலாக அந்தப் போனில் கேட்ட மாதிரி ஒரு மயக்க ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

அப்போதிருந்து லித்தியம் சாப்பிடுகிறவர் யாருக்கு ஜுரம் வந்தாலும் எங்கள் பாடம் இதுதான்: வலிக்கு பாரசிட்டமால் மட்டும். மோரோ, கஞ்சியோ, உப்புச் சர்க்கரைக் கரைசலோ கணக்கு வைத்துக் கொடுக்க வேண்டும். பேதியோ வாந்தியோ ஆரம்பித்தால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும். அளவு பார்க்க ரத்தம் எடுப்பதாக இருந்தால் கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். இது தவிர ஆயாவின் சொந்த முறை ஒன்று உண்டு. டீ டம்ளரை முக்கால் நிரப்பிக் கையில் கொடுப்பார். லித்தியம் சாப்பிடுகிற பலருக்கு லேசான நடுக்கம் எப்போதும் இருக்கும். டீ ஆடும், ஆனால் சிந்தாது. நேற்று சிந்தாதவர் இன்று சிந்தினால் ஆயா வந்து சொல்லிவிடுவார். லேப் ரிப்போர்ட் அதற்குப் பிறகுதான் வரும்.

இந்த இரண்டு சம்பவத்துக்குப் பிறகுதான் தாள் எழுத ஆரம்பித்தோம். பெரிய திட்டம் எல்லாம் இல்லை. ரூல் போட்ட பேப்பரில் ஒரு பக்கம். வியாதியின் பெயர் அதில் வராது. அது கேஸ் ஷீட்டில் இருக்கிறது. அந்த ஆளின் வழக்கம் மட்டும். ஆயா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நடக்கும் ஐயாவின் தாள் ஏறக்குறைய இப்படி இருந்தது:

'காலை ஐந்தரையிலிருந்து நடப்பார். தொட்டியைத் தட்டுவார். தனியாகப் பேசிச் சிரிப்பது எப்போதும் உள்ளது, புதிது இல்லை. கேள்விக்கு இரண்டாம் முறை கேட்டால்தான் பதில். மோர் இல்லாமல் சோறு இறங்காது. ஊசிக்கு இடது கையைத்தான் நீட்டுவார், வலது கையைத் தொட்டால் கோபம் வரும். கண்ணாடி இல்லாமல் முகம் தெரியாது. ஐயா என்று கூப்பிட வேண்டும், பெயர் சொன்னால் திரும்ப மாட்டார்.'

இதை எழுதி முடித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் பெயரில் இருந்த ஃபைல் ஒரு சாண் உயரம். இதில் ஒரு வரிகூட அதில் இல்லை.

தாள் முதலில் வேலை செய்தது ஒரு பீடி விஷயத்தில். முந்திரிக்காட்டில் வேலை பார்த்த பண்ருட்டிப் பக்கத்து அண்ணன் ஒருவர், மற்ற மருந்துக்கு மசியாத மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபின் மாத்திரையில் நல்லபடியாக இருந்தவர். வார்டில் புகைக்கக் கூடாது என்று போர்டு தொங்கும். ஆனால் வராண்டாக் கோடியில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நானும் பார்க்காத மாதிரி போவேன். தாளில் மட்டும் மறைக்காமல் 'பீடி: நாளைக்கு இரண்டு கட்டு' என்று எழுதினோம். பாசிட்டிவ் ஆகி அடைத்து வைத்தவுடன் பீடி ஒரேயடியாக நின்றது. ஐந்தாம் நாள் தலையணை முழுக்க எச்சில். எழுப்பினால் எழுந்திருப்பார், சாப்பிடும்போதே தூங்கிவிடுவார். ஆக்சிஜன் 96. கோவிட் அசதி என்றுதான் யாரும் நினைப்பார்கள். அங்கே இருந்த இளம் டாக்டர் தாளைப் படித்துவிட்டு, "இவர் பீடி நிறுத்தி எத்தனை நாள் ஆச்சு?" என்று போன் செய்து கேட்டார். அவருக்கு ஒரு கும்பிடு.

விஷயம் இதுதான். புகையில் இருக்கும் சில பொருட்கள் கல்லீரலை முடுக்கி குளோசபினை வேகமாக அழிக்க வைக்கும். புகைக்கிறவருக்கு அதற்கேற்ற மாதிரி டோஸ் கூடுதலாக இருக்கும். புகை நின்றால் சில நாளில் ரத்தத்தில் அளவு ஏறிவிடும். நிக்கோடின் சூயிங்கம் கொடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் வேலை செய்வது நிக்கோடின் இல்லை, புகை. அதோடு உடம்பில் தொற்றும் வீக்கமும் இருந்தாலே குளோசபின் அளவு ஏறும். கொரோனாவில் இரண்டும் சேர்ந்து நடக்கிறது. எச்சில் வழிவது, தூக்கம், கைகால் வெட்டி வெட்டி இழுப்பது, வலிப்பு வரை போகலாம். மலச்சிக்கலை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். குடல் நின்றுபோய் உயிருக்கே ஆபத்தாகிற மருந்து இது. தினமும் மோஷன் போனாரா என்று கேட்டு எழுதுவது வேலையில் மெனக்கெட்ட பகுதி, ஆனால் விடக் கூடாது. டாக்டர் டோஸைக் குறைத்தார், ரத்த அணுக்களைப் பார்த்தார். வீட்டுக்குப் போய் மறுபடி பீடி பிடித்தால் அளவு இறங்கி நோய் திரும்பும் என்பதால், அவர் மனைவியிடம் அதையும் சொல்லி அனுப்பினோம். "பீடி பிடிச்சா எங்களுக்குச் சொல்லுங்கம்மா, திட்ட மாட்டோம்" என்றதும் அந்த அம்மா சிரித்துவிட்டார்.

குளோசபினில் இன்னொன்று. வார்டு மாறும் களேபரத்தில் மாத்திரை விட்டுப்போவது சகஜம். தொடர்ந்து 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய டோஸை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழுந்துவிடுவார். 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற வேண்டும். அதனால் மாற்றி அனுப்பும்போது 'கடைசி டோஸ் எத்தனை மணிக்கு' என்பதைத் தாளின் தலையிலேயே எழுதினோம்.

பிபிஈ உடைக்கு வருகிறேன். போட்ட எங்களுக்கு வியர்வை, பார்த்த அவர்களுக்குப் பயம். யாரோ தன்னைக் கடத்தப் போகிறார்கள் என்று ஏற்கெனவே நம்புகிற ஒருவர் முன்னால், தலை முதல் கால்வரை வெள்ளையாக மூடிக்கொண்டு நான்கு பேர் போய் நின்றால் எப்படி இருக்கும்? நாங்களும் முதல் வாரம் அப்படித்தான் போனோம், அடியும் வாங்கினோம். பிறகு ஒருவர் மட்டும் முன்னால் போவது, மற்றவர்கள் கதவுக்கு வெளியே நிற்பது என்று மாற்றினோம். மார்பில் மார்க்கரால் பெயர் எழுதினோம். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொருவரும் ஒரு அடையாளம் வரைந்துகொண்டோம். நான் மீன். எதற்கு மீன் என்று யோசிக்கவில்லை, கை வந்ததை வரைந்தேன். கடைசிவரை 'மீன் சிஸ்டர்' ஆகிவிட்டேன். முடிந்தவரை பழைய குரலில், பழைய வாக்கியத்தோடு உள்ளே போவேன்: "இன்னா ஐயா, மோர் வந்துச்சா?" முகம் மறைந்தாலும் அந்தக் கேள்வியை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆக்ஸிமீட்டரும் அப்படித்தான். காலேஜில் படிக்கும் ஒரு தம்பி, அந்த கிளிப் தன் நினைப்பை உறிஞ்சுகிறது என்று விரலை மடக்கிக்கொண்டார். சிவப்பு வெளிச்சம் எரிகிறதே, அவருக்கு அதுவே ஆதாரம். நான் வாதாடவில்லை. தரையில் உட்கார்ந்து என் கையுறையைக் கழற்றி, என் விரலில் மாட்டி, "எனக்கு என்ன காட்டுதுன்னு படிங்க தம்பி, கண்ணாடில வேர்வை, தெரியல" என்றேன். (கையுறையைக் கழற்றியது விதிப்படி தப்பு. செய்தேன்.) "98" என்றார். மறுநாளும் எனக்கு அவர்தான் படித்தார். மூன்றாம் நாள் தன் விரலிலும் போட்டுப் பார்த்துவிட்டு ஒரு நோட்டு கேட்டார். பிறகு அந்த அறையில் இருந்த நாலு பேருக்கும் அவர்தான் வேளாவேளைக்கு மாட்டினார், ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துத் துடைத்து. எங்கள் சார்ட்டைவிட அவர் நோட்டில் கையெழுத்து நன்றாக இருந்தது. கை நடுக்கமோ, குளிர்ந்த விரலோ, மருதாணியோ இருந்தால் எண் ஏமாற்றும். அப்போது வேறு விரலிலோ, காதுக்கென்றே உள்ள கிளிப் இருந்தால் காது மடலிலோ போட்டுப் பாருங்கள், மூச்சையும் எண்ணுங்கள்.

ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடுங்கிப் போடுகிறவரை என்ன செய்வது? இதில்தான் மற்ற வார்டுக்காரர்களோடு எனக்குச் சண்டை அதிகம். கையைக் கட்டு என்பதுதான் முதலில் வரும் வார்த்தை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 97ஆம் பிரிவு, யாரையும் தனியறையில் அடைத்து வைக்கக் கூடாது என்கிறது. கட்டிவைப்பதும் உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவர் அனுமதித்து, எழுதி வைத்து, தேவைப்படும் நேரம் மட்டும்தான். தொற்று வந்தவரைப் பிரித்து வைப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு. நாங்கள் பாசிட்டிவ் ஆனவர்களை மூன்று நான்கு பேராக ஒரே அறையில் வைத்தோம். சுவரில் காலண்டர் மாட்டி ஒவ்வொரு நாளும் அவர்களே அடித்துக்கொண்டு வரச் சொன்னோம். எத்தனை நாள் என்று தெரிந்தால் பாதிக் கலவரம் குறைகிறது.

சட்டத்தை விடுங்கள். மூச்சுக்குத் திணறுகிறவரைக் கட்டிப்போட்டால் மேலும் திமிறுவார், திமிறினால் ஆக்சிஜன் மேலும் இறங்கும். லோரசிபாம் மாதிரி ஊசி போட்டால் ஆள் அடங்குவார், கூடவே மூச்சும் அடங்கும். ஆகவே ஆக்சிஜன் 94க்குக் கீழே போன ஒருவர் கலாட்டா செய்தால் முதலில் ஆக்சிஜன், அடுத்து சர்க்கரை, அதற்குப் பிறகுதான் ஊசிப் பேச்சு. எங்களுக்கு உதவியவை சின்னச் சின்ன விஷயங்கள். மாஸ்க்குக்குப் பதில் மூக்குக் குழாய் போதுமென்றால் அதையே வைப்பது. கைக்கு ஒரு துண்டைக் கொடுத்து முறுக்கச் சொல்வது. அரைமணிக்கு ஒருவர் என்று முறை வைத்துப் பக்கத்தில் உட்காருவது. ஒரு பாட்டியம்மா என் கையைப் பிடித்திருக்கும்வரை குழாயைத் தொடமாட்டார். விட்டால் கழற்றிவிடுவார். ஒரு ராத்திரி முழுக்க மூன்று பேர் மாற்றி மாற்றிக் கை கொடுத்தோம்.

தற்கொலை எண்ணம் உள்ளவர் பக்கத்தில் ஆக்சிஜன் குழாயே ஆபத்து. தேவையான நீளத்துக்கு மேல் வைக்கக் கூடாது, கண்பார்வையில் ஒரு ஆள் இருக்க வேண்டும், டிரிப் ஸ்டாண்டு வேலை முடிந்ததும் வெளியே வந்துவிட வேண்டும். சானிடைசரும் அப்படித்தான். அதில் 70 சதவீதம் ஆல்கஹால். டாஸ்மாக் மூடியிருந்த மாதங்களில் குடியை நிறுத்த முடியாமல் கை உதறிக்கொண்டு வந்தவர்கள் எங்களிடம் நிறைய. ஆந்திராவில் பிரகாசம் மாவட்டத்தில் 2020 ஜூலைக் கடைசியில் சானிடைசர் குடித்துப் பத்துப் பேராவது இறந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த பாட்டில்களை எல்லாம் அதற்கு முன்பே கழற்றிவிட்டோம். இடுப்பில் கட்டும் சின்ன பாட்டில் எங்களுக்கு, சோப்பும் தண்ணீரும் அவர்களுக்கு. தரை துடைக்கும் ஹைப்போகுளோரைட் பூட்டுக்குள்.

மருந்துகளில் இன்னும் இரண்டு மூன்று உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2020இல் ஹைட்ராக்சிகுளோரோகுவினும் அசித்ரோமைசினும் எல்லோருக்கும் எழுதிய காலம். மனநோய் மருந்தான ஹாலோபெரிடாலோடு சேர்ந்தால் இதயத் துடிப்பின் தாளம் கெடும் என்பதால் ஈசிஜி எடுக்காமல் கொடுக்க விடமாட்டோம். டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு உயிரைக் காத்த மருந்து. ஆனால் தூக்கத்தைக் கெடுக்கும், சிலருக்கு உற்சாகத்தைக் கிளப்பி மனநோயை மேலே கொண்டுவரும். காலை வேளையிலேயே கொடுத்துவிட்டு ராத்திரித் தூக்கத்தை எண்ண வேண்டும். அப்புறம், எல்லா ஜுரமும் கொரோனா இல்லை. மனநோய் மருந்து சாப்பிடுகிறவருக்கு ஜுரத்தோடு உடம்பு கட்டை மாதிரி விறைத்து, வியர்த்து, குழம்பினால் அது மருந்தாலேயே வந்த ஆபத்தாக இருக்கலாம். முழங்கையை மடக்கிப் பாருங்கள். ஈயக்குழாயை வளைப்பது போல இருந்தால் பிசிஆர் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

2020 நவம்பர் 25 ராத்திரி நிவர் புயல் கரை கடந்தபோது நான் டூட்டியில் இருந்தேன். கரண்ட் போய், ஜெனரேட்டர் எடுப்பதற்குள் ஆக்சிஜன் கொடுக்கும் கான்சன்ட்ரேட்டர் மெஷின் நின்று, இரண்டு பேரைச் சிலிண்டருக்கு மாற்றினோம். காற்று ஜன்னல் கம்பியில் ஊளையிடுகிறது. எனக்குக் கை நடுங்கியது. உள்ளே இருந்தவர்களோ சாதாரணமாக இருந்தார்கள். ஒருவர் சொன்னார்: "இப்பதான் சிஸ்டர் எனக்குக் கேக்கறது உங்களுக்கும் கேக்குது." டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சிலிண்டர் சாவியை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

இனி சொல்ல வேண்டியது எனக்குக் கஷ்டமான ஒன்று. 2021 மே. இரண்டாம் அலை. படுக்கை, ஆக்சிஜன் எதுவும் போதாத நாட்கள். எங்கள் வார்டில் ஒரு அம்மா இருந்தார், ஊரில் இருக்கும் தன் தங்கையோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார். தங்கை இறந்து வெகுநாள் ஆகிறது. சமையல், மாடு, யார் வீட்டுக் கல்யாணம் என்று அந்தப் பேச்சு வார்டில் ஒரு ரேடியோ மாதிரி ஓடும். ராத்திரி பதினோரு மணிக்கு ஆக்சிஜன் இறங்க, பெரிய பிளாக்கில் ஒரு படுக்கை காலி என்றதும் ஓடினோம். கேஸ் ஷீட், எக்ஸ்ரே, மாத்திரை டப்பா எல்லாம் போயிற்று. அவருடைய தாள் என் மேஜை டிராயரிலேயே இருந்துவிட்டது. முந்தின நாள் அதில் ஏதோ சேர்க்கலாம் என்று எடுத்து வைத்தது நான்தான்.

மறுநாள் மதியம் போன் செய்து கேட்டேன். அந்தப் பக்கத்து நர்ஸ் நாற்பது பேரைப் பார்த்துக்கொண்டிருந்தவர். சார்ட்டைப் படித்துச் சொன்னார்: "நல்லா இருக்காங்க சிஸ்டர். அமைதியா, தொந்தரவு இல்லாம படுத்திருக்காங்க." எனக்குக் காது அடைத்துவிட்டது. "பேசறாங்களா?" என்றேன். "இல்ல, ரொம்ப அமைதி."

"இப்பவே போய் சாச்சுரேஷன் பாருங்க சிஸ்டர், ப்ளீஸ்" என்றேன். பார்த்தார். அன்று சாயங்காலம் அந்த அம்மா இறந்துவிட்டார். தாள் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று அடித்துச் சொல்ல முடியாது. அந்த வாரம் என்ன இருந்தாலும் இறந்தவர்கள் நிறையப் பேர். அவர் மகன் போனில், "அம்மா கடைசியா என்ன பேசினாங்க?" என்று கேட்டார். முந்தின நாள் மாலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்று தங்கையிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்ககிட்ட மாடே இல்ல சிஸ்டர்" என்றார் பிறகு.

அதற்குப் பிறகு தாளை டிராயரில் வைக்கும் பழக்கம் இல்லை. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்துக்கு உள்புறம் ஒட்டிவிடுகிறோம், பிரிக்க முடியாதபடி நாலு மூலையிலும் பசை. டெங்கு சீசனில், ஆபரேஷனுக்கு அனுப்பும்போது என்று இப்போது எல்லாவற்றுக்கும் அதுதான் போகிறது. மேலே சிவப்பு மையில் ஒரு வரி, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. ஒருவருக்கு 'சாப்பாடு வேண்டாம் என்றால் கூப்பிடவும்'. இன்னொருவருக்கு 'டீ சிந்தினால் கூப்பிடவும்'. நெல்லிக்குப்பம் ஐயா பன்னிரண்டு நாளில் தேறித் திரும்பி வந்தவர். இப்போதும் வருடத்துக்கு ஒருமுறை சேர்கிறார். அவர் தாளில் இருப்பது, 'உட்கார்ந்தால் கூப்பிடவும்'. கீழே வார்டு நம்பர். அதற்கும் கீழே, யார் எழுதியது என்று தெரியவில்லை, பென்சிலில் ஒரு மீன்.